கதிரை எண்ட சொல்லு எங்கையிருந்து வந்தது?

பூவரசு:

சின்ன விசயம்தான், ஆனா ரெண்டு நாளா மண்டைக்குள்ளை நிண்டு குடையுது. போன கிழமை சென்னையிலை இருந்து எங்கடை மருமகள் ஒராள் வந்தது, கூட அதின்ரை சிநேகிதப் பிள்ளையும். அம்மா வாசலுக்கு ஓடிப்போய் "வாங்கோ பிள்ளையள், கதிரையிலை இருங்கோ" எண்டவ. மருமகள் இருந்திட்டுது. சிநேகிதப்பிள்ளை விறாந்தையிலை நிண்டபடியே நிக்குது. அம்மா திரும்பவும் "இருங்கோவன் பிள்ளை" எண்ட, அது "பரவால்ல ஆன்ட்டி, இருக்கேன்" எண்டு சிரிச்சுப்போட்டு இன்னும் நேரா நிக்குது. அம்மாவுக்கு முகம் கறுத்துப் போச்சு, எங்கடை வீட்டுக் கதிரையிலை இருக்க அதுக்கு என்ன குறையாம் எண்டு குசினிக்குள்ளை போய் என்னட்டைக் கேக்கிறா.

பிறகுதான் விளங்கினது, அவையின்ரை ஊரிலை 'இருங்க' எண்டா கொஞ்சம் பொறுங்கோ எண்டு அர்த்தமாம், 'உக்காருங்க' எண்டாத்தான் இருப்பினமாம். கதிரை எண்டா என்னெண்டே அதுக்குத் தெரியாது. நாற்காலி எண்டு சொல்லிக் காட்டினாப் பிறகு "ஓ, அப்ப கதிரைன்னா சிங்களமா?" எண்டு ஒரு கேள்வி. நான் "சீ, நல்ல தமிழ்" எண்டு வீரமாச் சொல்லிப்போட்டன். இப்ப யோசிச்சா எனக்கே சந்தேகமாக் கிடக்கு. ஆருக்காவது தெரியுமோ?

கொக்குவிலான்:

இதிலை என்ன சந்தேகம், கதிர் + ஐ. பழைய மரக்கதிரையின்ரை முதுகைப் பாருங்கோ, நிமிந்த சட்டங்கள் வரிசையா சூரியக் கதிர் மாதிரி நிக்கும். நூல் நூக்கிற கதிரும் அதே மாதிரி கடைஞ்ச தடிதான். கதிர்காமத்தையும் கதிரை எண்டுதானே பாட்டிலை சொல்லுறவை, கதிரவேலு எண்டு பேர் வைக்காத ஊர் யாழ்ப்பாணத்திலை இருக்கோ. முருகன் இருக்கிற இடம் கதிரை, மனிசன் இருக்கிற சாமானும் கதிரை. அவ்வளவுதான் விசயம், இழையைப் பூட்டலாம்.

தோம்புக்காரன்:

கொக்குவிலான் தம்பி, விளக்கம் வடிவாத்தான் இருக்கு, ஆனா பிழை. கதிர்காமக் கதிரை வேறை, குந்துற கதிரை வேறை. ரெண்டும் தற்செயலா ஒரே எழுத்திலை வந்து நிக்குதுகள்.

இது போர்த்துக்கேயச் சொல்லு. அவையின்ரை மொழியிலை கதிரைக்கு 'கதெய்ரா'. இப்பவும் லிஸ்பனிலை போய் கதெய்ரா எண்டா கதிரைதான் தருவாங்கள். நடுவிலை வாற த எழுத்தை ஒருக்காக் கவனியுங்கோ, நாங்கள் கதிரை எண்டேக்கை அந்த 'தி' நாக்கை பல்லிலை மெதுவாத் தடவிப்போட்டுப் போகுமெல்லே, போர்த்துக்கேயரும் அந்த எழுத்தை கிட்டத்தட்ட அப்பிடித்தான் சொல்லுவினம். 'கதெய்' எண்ட நீட்டு எங்கடை வாயிலை 'கதி' எண்டு குறுகினது. கடைசியிலை நிண்ட 'ரா', 'ரை' ஆயிற்று.

அந்த ஐ தான் ருசியான இடம். ஆ எண்டோ அ எண்டோ முடியிற பிறமொழிச் சொல்லு தமிழுக்குள்ளை வந்தா கன தரம் ஐ போட்டுக் கொள்ளும். சீதா சீதையானா, மாலா மாலையானா. போர்த்துக்கேயச் சொல்லுக்கும் அதே வைத்தியம்தான்: மேசா மேசை, வராந்தா விறாந்தை, தவெர்னா தவறணை, பேனா பேனை. பேனையைப் பாருங்கோ, இந்தியாவிலை அவை பேனா எண்டே விட்டிட்டினம், நாங்கள் அதுக்கும் ஐ போட்டு வேட்டி கட்டி விட்டிருக்கிறம். எல்லாம் இப்பிடி ஒழுங்கா வரேல்லை எண்டதும் உண்மை, ஜனெலா எண்டது யன்னல் எண்டும், கொசிஞ்ஞா எண்டது குசினி எண்டும் தங்கடை பாட்டிலை போட்டுதுகள்.

ஆகக் கடைசியா, சிங்களம் எண்டு நினைச்ச பிள்ளைக்குச் சொல்லுங்கோ, சிங்களத்திலை கதிரைக்கு புட்டுவ. மேசை, அலுமாரி, யன்னல் மூண்டையும் போர்த்துக்கேயரிட்டை வாங்கின சிங்களம் கதிரையை மட்டும் வாங்கேல்லை. அந்தச் சொல்லு எங்களோடைதான் நிண்டது.

மாவிட்டபுரத்து மச்சான்:

அண்ணை ஒரு கேள்வி. பறங்கியள், அதுதான் போர்த்துக்கேயர், யாழ்ப்பாணத்தை ஆண்டது 1619 இலை இருந்து 1658 மட்டும், கூட்டிக் கழிச்சா 39 வருசம். பிறகு ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) 137 வருசம் இருந்தவை. ஒல்லாந்திலை கதிரைக்கு 'ஸ்துல்' எண்டு நினைக்கிறன். கூடக் காலம் இருந்தவனின்ரை சொல்லு நிக்காமல் குறையக் காலம் இருந்தவனின்ரை சொல்லு எப்பிடி வீட்டு நடுவிலை நிக்குது?

தோம்புக்காரன்:

நல்ல கேள்வி, உதுக்கு ஒரே பதில் இல்லை. முதலாவது, 39 வருசம் எண்டது நேரா ஆண்ட கணக்கு. அதுக்கு முன்னமே அவங்கள் இந்தப் பக்கம் திரிஞ்சவங்கள். 1544 இலை மன்னாரிலை கிறிஸ்தவ வேதத்துக்கு மாறின சனத்தை யாழ்ப்பாண அரசன் சங்கிலி வெட்டினது, 1560 இலை போர்த்துக்கேயப் பிரகன்சா படையோடை நல்லூருக்கு வந்தது, 1591 இலை அவங்கடை மென்தொன்சா வந்து அப்ப அரசனா இருந்த புவிராச பண்டாரத்தைக் கொண்டுபோட்டு எதிர்மன்னசிங்கத்தை அரசனா இருத்தினது, இதெல்லாம் 1619 க்கு முந்தின சங்கதி. பாதிரிமார், யாவாரியள், பட்டாளத்தான் எண்டு ஒரு தலைமுறைக்கு மேலை பழக்கம்.

மற்றது, ஒல்லாந்தர் வந்தாப் பிறகும் போர்த்துக்கேயம் செத்துப் போகேல்லை. துறைமுகத்திலையும், ஒல்லாந்தர் வீட்டு அடுப்படியிலையும், வேலையாக்களோடையும் கதைச்சது உடைஞ்ச போர்த்துக்கேயம்தான். ஒல்லாந்தரே அதைப் படிச்சுத்தான் சமாளிச்சவை. மட்டக்களப்பு, திருகோணமலையிலை பறங்கியர் எண்டுற ஐரோப்பியக் கலப்புச் சனத்திட்டை அதின்ரை மிச்சம் எங்கடை காலம் மட்டும் வந்திருக்கு. அப்ப, கதிரைக்கு ஒரு பேர் ஏற்கெனவே ஊரிலை நடமாடேக்கை புதுசா ஸ்துல் எண்டு ஆர் சொல்லப் போறான்.

ஒல்லாந்தரிட்டை நாங்கள் வாங்கினது கந்தோர் (அலுவலகம்), லாச்சி (மேசை இழுப்பறை), கக்கூசு. இதை வைச்சு ஆளுக்காள் ஒரு முடிவுக்கு வாங்கோ, நான் ஒண்டும் சொல்லேல்லை.

செந்தமிழ்க்கிளி:

இதைத்தான் நான் கனகாலமாச் சொல்லுறன். அந்நியன் வந்து தந்த சொல்லை நாங்கள் எங்கடை தமிழ்தான் தூய தமிழ் எண்டு நெஞ்சிலை தட்டிக்கொண்டு கதைக்கிறம். நாற்காலி எண்டு அழகான, பார்த்த உடனை விளங்கிற சொல்லு இருக்கு. இருக்கை இருக்கு, ஆசனம் இருக்கு. பள்ளிக்கூடத்திலை எங்கடை ஆசிரியர் கட்டுரையிலை கதிரை எண்டு எழுதினா சிவப்புப் பேனையாலை வெட்டி நாற்காலி எண்டு எழுதுவார். அவர் செய்தது சரி.

கொக்குவிலான்:

"சிவப்புப் பேனையாலை வெட்டி" எண்டு போர்த்துக்கேயத்தாலை போர்த்துக்கேயத்தை வெட்டியிருக்கிறார் வாத்தியார்.

மாவிட்டபுரத்து மச்சான்:

மேலை உள்ளவருக்கு ஒரு பச்சைப் புள்ளி.

பூவரசு:

கிளி அக்கா, நாற்காலியிலையும் ஒரு இடைஞ்சல் இருக்கு. நாலு கால் இருந்தாத்தானே நாற்காலி. கந்தோர்களிலை இருக்கிற சுத்துற கதிரைக்கு நடுவிலை ஒரு தண்டு, கீழை அஞ்சு சில்லு. அதை என்னெண்டு நாற்காலி எண்டுறது? சக்கர நாற்காலி எண்டு தமிழ்நாட்டுப் பேப்பரிலை வாசிச்சா எனக்கு காலைத் தேடச் சொல்லும். நாங்கள் சில்லுக்கதிரை எண்டு அலுப்பில்லாமச் சொல்லிப்போட்டுப் போறம். தெரியாத சொல்லிலை இது ஒரு வசதி, அர்த்தம் வந்து காலைத் தடக்காது.

செந்தமிழ்க்கிளி:

அது விதண்டாவாதம் தம்பி. ஆசனம், இருக்கை எண்டதுக்குப் பதில் சொல்லேல்லை நீர்.

தோம்புக்காரன்:

ஆசனம் வடமொழி அக்கா. அதை விடுங்கோ. இருக்கை, மணை, தவிசு எல்லாம் நல்ல சொல்லுத்தான், ஆனா ஒவ்வொண்டும் ஒவ்வொரு சாமான். முந்தி எங்கடை சனம் இருந்தது திண்ணையிலை, பாயிலை, பனையோலைத் தடுக்கிலை, மணைப்பலகையிலை. முதுகு சாயச் சட்டம் வைச்சு, கை வைக்க மரம் வைச்ச சாமான் ஊர் வீடுகளுக்குள்ளை சாதாரணமா வந்தது அந்நியரோடைதான். சாமானோடை பேரும் வந்தது, அவ்வளவுதான் நடந்தது. பாண் வரேக்கை பாண் எண்ட பேரோடை வந்த மாதிரி.

தவிசை நாங்கள் விட்டிட்டம் எண்டும் சொல்லேலாது. பிரதேச சபைத் தலைவரை என்னெண்டு கூப்பிடுறம்? தவிசாளர். பதவிக்குத் தவிசு, அதைப் பிடிக்கிற சண்டைக்குக் கதிரைச் சண்டை. 1994 தேர்தலிலை பொதுசன முன்னணியின்ரை சின்னமும் கதிரைதான்.

பெரியகோயிலடி:

நான் இஞ்சை எழுதுறது குறைவு, வாசிச்சுப்போட்டுப் போற ஆள். ஆனா இதிலை ஒரு விசயத்தை ஒருத்தரும் தொடேல்லை.

கதெய்ரா எண்டது லத்தீனிலை கதெத்ரா, அது கிரேக்கத்திலை இருந்து வந்தது. கிரேக்கத்திலை 'கத' எண்டா கீழை, 'ஹெத்ரா' எண்டா இருக்கை. அப்ப கீழை இருக்கிறது, குந்துறது, அதுதான் கருத்து. முதல்லை சாதாரண கதிரை, பிறகு வாத்தியார் இருந்து படிப்பிக்கிற கதிரை, பிறகு ஆயர் இருந்து படிப்பிக்கிற கதிரை. ஆயரின்ரை கதிரை இருக்கிற கோயில் எதுவோ அதுதான் கதீட்றல். எங்கடை மரியன்னை பேராலயம், நாங்கள் பெரியகோயில் எண்டுறது, அது இங்கிலீசிலை கதீட்றல் எண்டு பேர் வாங்கினது அளவிலை பெரிசு எண்டதுக்காக இல்லை. உள்ளுக்குள்ளை ஒரு கதிரை இருக்கு எண்டதாலை. அதைவிடப் பெரிய கோயில் கட்டினாலும் ஆயரின்ரை கதிரை இல்லாட்டி அது கதீட்றல் இல்லை.

மாசி (பெப்ரவரி) 22 ஆம் திகதி பேதுருவின்ரை தலைமைப்பீடம் எண்டு ஒரு திருநாள் வரும். சின்ன வயசிலை கதிரைக்கும் திருநாளோ எண்டு சிரிச்சனாங்கள். இங்கிலீசு 'செயார்' உம் அதே கதெத்ராதான், பிரெஞ்சுக்குள்ளாலை போய் மெலிஞ்சு வந்தது. ஆகவே நாங்கள் கதிரை எண்டாலும் பிள்ளையள் செயார் எண்டாலும் சொல்லுறது ஒரே சொல்லுத்தான், வந்த பாதை வேறை.

இன்னொண்டு, சொல்ல வெக்கமாக் கிடக்கு, ஆனா உண்மை. ஸ்பானியத்திலை அதே சொல்லு 'கதேரா' எண்டு வந்து இடுப்பைக் குறிக்குது. ஆள் கதிரையிலை இருக்கேக்கை கதிரையிலை படுற பக்கம்.

கொக்குவிலான்:

கதிர்காமம் எண்டு தொடங்கின நான் இடுப்பிலை வந்து நிக்கிறன். தோல்வியை ஒப்புக்கொள்ளுறன்.

தோம்புக்காரன்:

பெரியகோயிலடி அக்கா சொன்னதிலை ஒரு நூல் இழுக்கலாம். அந்த 'ஹெத்ரா' வின்ரை அடி பழைய இந்தோ ஐரோப்பிய 'செத்', இருத்தல். கிரேக்கத்திலை சொல்லு முதலிலை வாற ச ஹ ஆகிறது வழமை. அதே அடி வடமொழியிலை 'சத்' எண்டு நிக்குது. உப, நி, சத், கிட்டக் கீழை இருத்தல், குருவுக்குக் கிட்ட இருந்து கேட்டது உபநிடதம். அப்ப உபநிடதமும் கதிரையும் தூரத்துச் சொந்தம். கிளி அக்கா எந்தச் சொல்லை விரட்டினாலும் இனி கவனமா விரட்ட வேணும், அதுக்குப் பின்னாலை ஆர் ஆர் நிக்கினமோ தெரியாது.

சோனகதெருக்காரன்:

அஸ்ஸலாமு அலைக்கும் எல்லாருக்கும். நான் 90 இலை சின்னப் பெடியனா யாழ்ப்பாணத்தை விட்டுப் புத்தளம் போன ஆள், இப்பவும் வீட்டிலை கதிரை எண்டுதான் கதைக்கிறம், பக்கத்து வீட்டு ஆக்கள் கதைக்கிற தமிழோடை சேர்ந்து கன சொல்லு மாறினாலும் உது மாறேல்லை.

எங்களுக்கு சின்ன வயசிலை பாடமாக்கின ஆயத்துல் குர்ஸி இருக்கு, குர்ஆனிலை ரெண்டாம் அத்தியாயம் 255 ஆம் வசனம். குர்ஸி எண்டா அரபியிலை இருக்கை, அரியணை. அந்தச் சொல்லுத்தான் ஹிந்தியிலை குர்சி, தெலுங்கிலை குர்ச்சி, மலாயிலை கெருசி. அரபிக்கும் அது அரமேயத்திலை இருந்து, அதுக்கும் முந்தி பாபிலோன் பக்கத்து அக்காதிய மொழியிலை 'குஸ்ஸு' எண்டு இருந்திருக்கு. அப்ப பாருங்கோ, ஆசியாவிலை பாதிப்பேர் பாபிலோன்காரன்ரை கதிரையிலை இருக்கினம், நாங்கள் கிரேக்கன்ரை கதிரையிலை இருக்கிறம். சொந்தக் கதிரை வைச்சிருக்கிற ஆக்கள் குறைவு போலை.

மாவிட்டபுரத்து மச்சான்:

சோனகதெரு அண்ணை, நல்ல பதிவு. கனகாலத்துக்குப் பிறகு கண்டது சந்தோசம்.

உளிச்சத்தம்:

எங்கடை அப்பா தச்சுவேலை. சொல்லின்ரை மூலம் எனக்குத் தெரியாது, ஆனா பட்டறையிலை புழங்கின சொல்லுகளைச் சொல்லுறன்.

சும்மா கதிரை, கைக்கதிரை, பிரம்புக் கதிரை, சாய்மனைக் கதிரை. கை நீளமா முன்னுக்கு வந்து, காலை அதிலை தூக்கிப் போடலாமெல்லே, அதுதான் சாய்மனை. கன பேர் சாய்மானக் கதிரை எண்டு எழுதினம். அப்பா சாய்மணை எண்டுதான் சொல்லுவார், மணை எண்டா பலகை, சாஞ்ச மணை. எனக்கு அதுதான் சரியாப் படுது. அப்பிடிப் பாத்தா அந்த ஒரு சாமானிலை பாதி தமிழும் பாதி போர்த்துக்கேயமும் சேத்துப் பொருத்தியிருக்கு, பொருத்துத் தெரியாமல்.

முதிரை மரத்திலை செய்தா நிறம் மஞ்சள் அடிக்கும், பாரம், ஆனா பரம்பரைக்கு நிக்கும். இருக்கிற இடம் பிரம்பு. சட்டத்தைச் சுத்தி ஓட்டை துளைச்சு, பிரம்பைத் தண்ணியிலை ஊறப்போட்டு, முதல்லை முன்பின்னா ஒரு ஓட்டம், பிறகு குறுக்கா, திரும்ப முன்பின், திரும்பக் குறுக்கு, கடைசியா ரெண்டு மூலைப்பாட்டுக்கும் சரிச்சு இழுத்தா எட்டுமூலைக் கண் விழும். ஊறாத பிரம்பை இழுத்தா படக்கெண்டு வெடிக்கும். என்ரை விரல்லை இன்னும் தழும்பு இருக்கு. அப்பா கடைசி ரெண்டு ஓட்டத்தை என்னட்டைத் தரவே மாட்டார்.

சரி இன்னொரு கேள்வி. வாங்கு எண்டுறம், பெஞ்சுக்கு. அது வாங்கிறது விக்கிறதோடை சம்பந்தமோ?

தோம்புக்காரன்:

இல்லை, ஆனா ஆள் கிட்ட வந்திட்டார்! வாங்கு எண்டது பாங்கோ, ஐரோப்பாக்காரன்ரை பெஞ்சு. இத்தாலியிலை காசு மாத்திறவங்கள் பெஞ்சு போட்டு அதிலை காசைப் பரப்பி யாவாரம் செய்தவங்கள், அந்தப் பெஞ்சுதான் பிறகு பாங்க் ஆனது, நாங்கள் அதை இங்கிலீசாலை எடுத்து வங்கி ஆக்கினம். அப்ப வங்கியிலை வாங்கிலை இருந்து பாத்துக்கொண்டு இருக்கேக்கை நீங்கள் ஒரே சொல்லுக்குள்ளை ரெண்டுதரம் இருக்கிறியள்.

அலுமாரியும் அப்பிடி ஒரு ஆள். லத்தீனிலை 'ஆர்மா' ஆயுதம், ஆர்மாரியும் ஆயுதம் தட்டுமுட்டு வைக்கிற இடம். போர்த்துக்கேயத்திலை அர்மாரியு, பழைய பேச்சிலை அல்மாரியு எண்டும் இருந்தது. இப்ப அதுக்குள்ளை கூறைச்சீலை.

அடையாறுப் பையன்:

சென்னைல இருந்து படிக்கிறேன், ரெண்டு நாளா இந்த இழையை விடல. நாங்க மட்டும் சுத்தமா என்ன? நீங்க திறப்புன்னு சொல்றதை நாங்க சாவின்றோம், அது போர்த்துகீசிய 'ஷாவெ'ன்னு இப்பதான் தேடிப் பாத்தேன். ஜன்னலும் அப்படித்தான். நாற்காலியை வெச்சுக்கிட்டு சாவியைத் தொலைச்ச கதை எங்களுது. அப்புறம் அந்தப் பொண்ணை ஒண்ணும் சொல்லாதீங்க, "இருங்க"ன்னா நானும் நின்னுதான் இருப்பேன்.

செந்தமிழ்க்கிளி:

சரி, எல்லாரும் சேர்ந்து என்னைச் சுத்தி நிக்கிறியள். ஒண்டு மட்டும் சொல்லுறன். கட்டில் எங்கடை சொல்லு. கட்டினது கட்டில். அரசுகட்டில் எண்டா அரியணை. 'அரசுகட்டிலில் துஞ்சிய பாண்டியன் நெடுஞ்செழியன்' எண்டு ஒரு அரசனுக்குப் பேர், கன பேர் படுக்கையிலை செத்தவர் எண்டு நினைக்கினம், அரியணையிலை இருந்தபடி செத்தவர் எண்டதுதான் பொருள். இங்கிலீசுக்காரன் கட்டிலுக்கு 'கொட்' எண்டுறானே, அது ஹிந்தி காட், வடமொழி கட்வா எண்டு போய் கடைசியிலை தமிழ்க் கட்டிலிலை முடியுது எண்டு கன மொழியாராய்ச்சிக்காரரே சொல்லினம். நாங்கள் வாங்கினது மட்டும் இல்லை, குடுத்தும் இருக்கிறம். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்திலை தமிழ்ப் பேராசிரியர் பதவிக்கு தமிழ் இருக்கை எண்டு தான் பேர் வைச்சவை, தமிழ்க் கதிரை எண்டு வைக்கேல்லை. அதுமட்டும் எனக்குப் போதும்.

தோம்புக்காரன்:

கட்டிலுக்கு நானும் கை தூக்கிறன் அக்கா. இருக்கைக்கும் சேத்து. ஆனா சனசமூக நிலையத்திலை போய் "செத்தவீட்டுக்கு நூறு இருக்கை வேணும்" எண்டு கேட்டுப் பாருங்கோ, பெடியள் வான் வண்டியிலை ஏத்தாமல் உங்களைப் பாத்துக்கொண்டு நிப்பாங்கள். வருசத்துக்கு விளையாட்டுப் போட்டியிலை சங்கீத இருக்கை எண்டு அறிவிச்சா ஆரும் ஓடுவினமோ?

செந்தமிழ்க்கிளி:

சங்கீதக் கதிரையிலை நான் ரெண்டு வருசம் முதலாமிடம். அதை மாத்தச் சொல்லேல்லை.

பூவரசு:

எல்லாருக்கும் நன்றி. நான் வீட்டிலை எல்லாத்தையும் வாசிச்சுக் காட்டினன். அம்மா பெரியகோயில் கதையைத்தான் ரெண்டாம்தரம் கேட்டவ, போர்த்துக்கேயர் பகுதிக்கு "அவங்கள் நல்லூர்க் கோயிலை இடிச்சவங்கள், ஒரு கதிரையாவது தந்தாங்களே" எண்டா. உளிச்சத்தம் எழுதினதை வாசிச்சாப் பிறகு அப்பப்பாவின்ரை சாய்மனையைக் கொட்டிலுக்குள்ளை இருந்து இழுத்து எடுத்திருக்கிறன். பிரம்பு முழுக்க வெடிச்சு நடுவிலை பெரிய ஓட்டை, ஆனா முதிரை அப்பிடியே கிடக்கு, ஒரு பூச்சி இல்லை. பின்னுற ஆள் ஒராளை ஆரும் தெரிஞ்சா தனிமடல் போடுங்கோ, சென்னைப் பிள்ளை திரும்பப் போக முன்னம் அதிலை ஒருக்கா இருத்திப் பாக்க வேணும் எண்டு அம்மா நிக்கிறா.

உளிச்சத்தம்:

தனிமடல் போட்டிருக்கிறன். பிரம்பு கொண்டாறன், முதல் நாலு ஓட்டமும் நீர் போடும், கடைசி ரெண்டும் நான்.

கொக்குவிலான்:

அப்ப கதிரை மேசை எல்லாத்துக்கும் சேத்துச் சொல்லுற தளபாடம் எண்ட சொல்லு எங்கையிருந்து வந்தது? பாடத்தோடை சம்பந்தமோ?

தோம்புக்காரன்:

தம்பி, அதுக்கு வேறை இழை திறவும்.